அத்திமரத்துக்குக் கிடைத்த ஓர் ஆண்டு

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 13:1-9) ஓர் அத்திமரம் வருகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி இல்லை. உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கும்படி கேட்கிறார். மனமாற்றத்துக்கான அழைப்பாகவே இந்த உவமையைக் கேட்டிருக்கிறோம். அதன் பொருளும் அதுதான். ஆனாலும் அந்தத் தொழிலாளரை இன்று வேறொரு கவலைக்குத் துணையாக அழைக்கிறேன். நம் பங்குகளில் வயதான ஆண்கள் பலர் வெளியே சொல்லாமல் சுமக்கும் கவலை அது: புராஸ்டேட் புற்றுநோய்.

நம் பக்கத்தில் ஒருவரைப் பற்றி "அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்" என்றாலே கேட்பவர் குரல் தாழ்ந்துவிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையிலிருந்து குணமாகித் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். பயம் மட்டும் குணமாகவில்லை. அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள், "அப்பா, உடனே எடுத்துவிடலாம்" என்று அவசரப்படுத்துகிறார்கள். இன்னொரு பக்கம், ஜெபக்கூட்டத்துக்கு வரும் நண்பர், "விசுவாசம் இருந்தால் ஆபரேஷன் எதற்கு?" என்கிறார். நோயாளி என்ன நினைக்கிறார் என்று இருவருமே கேட்பதில்லை.

புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் வீரியம் குறைந்த கட்டி மிக மெதுவாக வளரக்கூடியது. பிரிட்டனில், நோய் பரவாத நிலையிலிருந்த 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கி, சுமார் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். 2023-இல் முடிவு வெளிவந்தது. எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆனால் நோய் உடலில் பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு, அறுவை பிரிவில் ஐந்து பேருக்கு. அறுவையிலும் இழப்பு உண்டு: சிறுநீர் கசியலாம், தாம்பத்திய உறவு பாதிக்கப்படலாம். ஃபாதர் வானொலியில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் நெளியலாம். கணவனும் மனைவியும் இதைப் பேசாமலேயே முடிவெடுப்பதைவிட, நான் பேசிவிடுவது நல்லது.

அந்தத் தொழிலாளரைக் கவனியுங்கள். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் நிழலில் போய்ப் படுக்கவில்லை. சுற்றிலும் கொத்துகிறார், எரு இடுகிறார். பலன் இல்லாவிட்டால் வெட்டுவதற்கும் சம்மதிக்கிறார். மருத்துவர் சொல்லும் கண்காணிப்பும் இப்படித்தான். குறித்த நாளில் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவையானால் மறுபடியும் பயாப்சி. அந்த ஆய்வில் கண்காணிப்பில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பின்னாளில் சிகிச்சைக்குப் போனார்கள். ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டிவிட்டு "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது கண்காணிப்பு ஆகாது. நோய் வீரியமானது என்று டாக்டர் சொல்லியிருந்தால், தயவுசெய்து என் பேச்சைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

திருச்சபை என்ன சொல்கிறது? திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பரில் மருத்துவர்களிடம் பேசினார். உயிரைக் காப்பது நம் கடமை. ஆனால் தாங்க முடியாத சுமையாகும் வழிகளை எல்லாம் தேடவேண்டிய கட்டாயம் இல்லை. நோயாளி சம்மதிக்கும் அளவுக்கே மருத்துவருக்கு உரிமை உண்டு என்றார். ஆகவே, மருத்துவரிடம் விவரம் கேட்டு, ஜெபித்து, கண்காணிப்பைத் தேர்ந்தவர் பாவம் செய்யவில்லை. அறுவையைத் தேர்ந்தவர் விசுவாசத்தில் குறைந்தவரும் இல்லை. பிள்ளைகளே, அப்பாவோடு டாக்டரிடம் போங்கள், சந்தேகங்களைக் கேளுங்கள், இன்னொரு டாக்டரின் கருத்தையும் வாங்கிக் கொடுங்கள். பதிலை அப்பா சொல்லட்டும்.

ஒரு வேண்டுகோள். நோயில்பூசுதல் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி, ஆபரேஷன் தேதியை எங்களிடம் மறைக்கிறீர்கள். பெரிய அறுவைக்கு முன் அதைப் பெறுவது பொருத்தமானது. கண்காணிப்பில் இருப்பவர்களும் அடுத்த பரிசோதனைக்கு முந்தைய ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். மனைவியையும் அழைத்து வாருங்கள்.