பிள்ளைகள் இறங்க ஓர் ஏணி போதுமா?

(மும்பை தாராவியில் நடைபெற்ற நம் சங்கப் பெற்றோர் கூட்டத்தில் மாலை வகுப்புப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் மாலை வகுப்பில் நடந்ததைப் பற்றித் தெருவில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அன்று பொறுப்பில் இருந்தவன் நான்.

மாலை ஆறரை மணி. ஏணிக்குக் கீழே இருக்கும் மின்சார மீட்டர்ப் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. மேல்தட்டில் 32 பிள்ளைகள். இறங்குவதற்கு ஒரே ஓர் இரும்பு ஏணி. வெளியே போவதற்கு ஒரே கதவு. கதவுக்குப் பின்னால் செருப்புக் குவியல். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினோம். ஒருவருக்கும் காயமில்லை. சாமி காப்பாற்றியது என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் அன்று அந்த அக்காவுக்கு வார விடுமுறை. மறுநாள் நடந்திருந்தால் அவர் அந்தேரியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். நம் பிள்ளைகளின் உயிர் ஒருவரது விடுமுறை நாளை நம்பி இருக்கலாமா, தோழர்களே?

பாடம் சொல்லிக் கொடுத்த இடங்கள்

கும்பகோணத்தை நாம் மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16. சத்துணவுக்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்று பொருள் கூறியது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்கு அதைக் கையாளும் பயிற்சி வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆனால் பள்ளி மணி அடித்த பிறகு? 2019 மே 24, சூரத். வணிகக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் தீ. இறங்க வழியில்லாமல் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்தார்கள். 22 பேர் மாண்டார்கள். 2024 ஜூலை 27, டில்லி. பொருள் வைப்பதற்கென்று அனுமதி வாங்கிய நிலவறையில் நூலகம் நடத்தினார்கள். மழைவெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். மூன்று ஊரிலும் காரணம் வேறு. ஆனால் ஓர் உண்மை பொது: அந்த இடம் அத்தனை பிள்ளைகளை வைத்திருக்க ஏற்றதல்ல என்பது முன்பே கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

சட்டத்தில் நம் பிள்ளை எங்கே?

ஆறு வயது வரை குழந்தைக்கு அங்கன்வாடி உண்டு. பெரிய பயிற்சி நிலையங்களுக்கு, மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு வழிகாட்டு நெறிகள் அனுப்பியது. நிலையத்தைப் பதிவு செய்ய வேண்டும்; ஒரு மாணவருக்கு ஒரு சதுர மீட்டராவது இடம் வேண்டும்; தீப் பாதுகாப்பு, முதலுதவி, ஆண் பெண்ணுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. நல்ல விதிகள்தாம். ஆனால் அவை 50 பேருக்கு மேல் படிக்கும் நிலையங்களுக்கு உரியவை. அங்கே 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சேர்க்கவும் கூடாது.

அப்படியானால் மூன்றாம் வகுப்பு முடித்து மதியம் வீட்டுக்கு வந்து, அம்மா திரும்பும் ஏழு மணி வரை காத்திருக்கும் பிள்ளை எந்த ஏட்டில் இருக்கிறான்? அந்த இரண்டிலும் இல்லை. இந்த நகரத்துக்கு அவன் அப்பாவின் உழைப்பு தெரிகிறது, அம்மாவின் உழைப்பு தெரிகிறது. அவன் மாலைப்பொழுது தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவின 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், கட்டடத்தின் உரிமையாளர் அல்லது அதைப் பயன்படுத்துபவர்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. தீயணைப்புக் கருவிகள் சரியாக இருக்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஜனவரியிலும் ஜூலையிலும் சான்று பெற்றுத் தரச் சொல்கிறது. சரி. வரைபட அனுமதியே இல்லாத நம் கோலிக்கு யார் சான்று தருவார்கள்? உரிமம் வாங்கு, இல்லையேல் மூடு என்று மட்டும் சொன்னால், மூடப்படுவது நம் வகுப்பு. பிள்ளை போவது தெருவுக்கு. ஆகவே உரிமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிமத்தோடு இடத்தையும் கொடு என்கிறேன்.

மாநகராட்சிக்கு நம் கோரிக்கை

ஒன்று: மாநகராட்சிப் பள்ளிகளில் வகுப்பு முடிந்தபின் காலியாகும் அறைகளில் இரண்டை, மாலை ஏழரை வரை மாலை வகுப்புகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

இரண்டு: 50 பேருக்குக் குறைந்த மாலை வகுப்புகளுக்கும் கட்டணமில்லாத, எளிய பதிவு வேண்டும். பதிவு செய்த இடத்தைத் தீயணைப்புத் துறையினர் வந்து பார்த்து, குறையைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதித் தர வேண்டும். திருத்த அவகாசம் தர வேண்டும்.

இது சலுகை அல்ல. வரி கட்டுகிற மக்கள் கேட்கும் உரிமை.

நம்மிடம் நாம் கேட்க வேண்டியது

ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை பிள்ளைகளை ஏணிக்கு மேலே வைத்துக்கொண்டு முழக்கம் போடுவது நேர்மையாகாது. நம் கோலி பத்துக்குப் பன்னிரண்டு அடி. 120 சதுர அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். அதாவது 11 பிள்ளைகள். நாம் உட்காரவைத்தது 32 பேரை! ஒரு முதலாளி தொழிலாளியை இப்படி அடைத்திருந்தால் நாம் கொடி பிடித்திருக்க மாட்டோமா?

எனவே நிர்வாகக் குழுவின் சார்பில் இந்த முடிவுகளை உங்கள்முன் வைக்கிறேன். மேல்தட்டில் இனி வகுப்பு இல்லை. கோலியின் தரைத்தளத்தில் 11 பேர் மட்டும். அங்கிருக்கும் கேஸ் சிலிண்டர் வெளியேறும். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். வழியில் செருப்பும் இருக்காது, சைக்கிளும் இருக்காது. மீட்டர்ப் பெட்டியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மாற்றுவார். ஏ.பி.சி. வகை உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வாங்குவோம். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். மாதம் ஒருமுறை, மணி அடித்ததும் வெளியேறும் பயிற்சி நடத்துவோம்.

தீ மட்டுமே ஆபத்தல்ல, தாய்மார்களே. பாடம் சொல்ல வருகிறவர் யார் என்பதும் பாதுகாப்புதான். 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின்படி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். எனக்கும் அது பொருந்தும். முதல் விண்ணப்பம் என்னுடையது. நம்ம ஊர்க்காரர், தெரிந்தவர் என்பது சான்று ஆகாது. பிள்ளை ஏதேனும் சொன்னால் அதட்டி அடக்காதீர்கள். 1098 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். தீக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112.

மீதி 21 பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தோழர்களே, நம் சங்க அலுவலகம் தரைத்தளத்தில், இரண்டு வாசலோடு, 250 சதுர அடியில் இருக்கிறது. மாலை நேரத்தில் அங்கே நாம் என்ன செய்கிறோம்? கேரம் ஆடுகிறோம், பத்திரிகை படிக்கிறோம், அரசியல் பேசுகிறோம். பீரோவும் மேசையும் போக 21 பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டு. கேரம் பலகையை மடக்கி வைப்போம். அரசியலை ஏழரை மணிக்கு மேல் பேசுவோம். பிள்ளைகளுக்கு இடம் விடுவதைவிடப் பெரிய அரசியல் எனக்குத் தெரியவில்லை.

இதில் மூத்த உறுப்பினர் சிலருக்கு வருத்தம் இருக்கிறது என்று அறிவேன். அவர்கள் கட்டிய அலுவலகம் அது. அவர்களையே கேட்கிறேன்: அந்தப் பிள்ளைகள் யாருடைய பேரப்பிள்ளைகள்?

முடிவை ஏற்பவர்கள் கை தூக்குங்கள். மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு மனு கொடுக்க என்னோடு வருகிறவர்கள், ஒரு வேளைக் கூலி போனாலும் பரவாயில்லை என்பவர்கள், பெயர் கொடுங்கள்.