தொட்டி ஒன்று, கல்லறை இரண்டு



2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர், தாம் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். நீதிபதிகள் கிடையாது என்றார்கள். மாதா கோயிலுக்குப் போகிறார் என்றார்கள். கைக்குழந்தையில் திருமுழுக்குப் பெற்றவர் என்றார்கள். கழுத்து நிற்காத பிள்ளையின் உச்சந்தலையில் சாமியார் ஊற்றிய ஒரு கைத் தண்ணீர், அவர் ஆளாகி நின்ற பிறகு எதிர்சாட்சி சொல்கிறது!

அந்தத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது என்கிறீர்களா? அப்படியானால் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவர் எதற்கு?

1950-ஆம் ஆண்டு ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவருக்கும் இஸ்லாமியருக்கும் கதவு இன்றுவரை திறக்கவில்லை. ‘சலுகை வேண்டுமென்றால் ஏன் மாறினாய்?’ எதிர்ப்பவர்களிடம் உள்ள சரக்கெல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த ஒரு மனிதரின் வழக்கைக் கேளுங்கள். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே ஊசி, அதே தோல், அதே வெயில். ஆனால் கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு மட்டும் கடை இல்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் பழைய கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று கைவிரித்தது. ஆதாரமா வேண்டும்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவனுக்கும் செத்தவனுக்கும் நடுவே எழுப்பிய சுவர் ஆதாரம் இல்லையா?

தில்லியை மட்டும் திட்டிவிட்டு இந்த மேடை இறங்காது. நம் வீட்டுக் குப்பையையும் கிளற வேண்டும்.

அந்தக் காலத் திருமுழுக்கில் குருவானவர் தம் எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். தமிழ்நாட்டு மேல்சாதியார் முகம் சுளித்தார்கள். உடனே சேசு சபையார் அந்தச் சடங்கையே விட்டுவிட்டார்கள். 1703-இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், விடக்கூடாது என்று 1704-இல் ஆணையிட்டார். நாற்பது வருடம் வழக்காடினார்கள். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட், எச்சில் விஷயத்தில் பத்தாண்டு விலக்குக் கொடுத்தார். பறையர் வீட்டுக்குள் போய் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற கட்டளை வந்ததே, அதற்கு என்ன வழி கண்டார்கள்? அவர்களுக்கென்று தனிச் சாமியார்! மேல்சாதி மூக்கு சுளித்ததற்காகச் சடங்கு வளைந்தது. சேரிக்காரன் நெஞ்சு எரிந்ததற்காக எது வளைந்தது?

பிறப்பு பார்த்து மனிதரைப் பிரிப்பது ஞானஸ்நானத்தோடு முடிந்தது என்றுதான் பவுல் கலாத்தியருக்கு எழுதினார். அதை வாசித்துவிட்டு, தேர் பவனி எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும் என்று சண்டை போடுகிறவனுக்கு வெட்கம் வேண்டாமா? திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016-இல் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டால் போதுமா? சுவர் எங்கே விழுந்தது?

ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 1950 ஆணையைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். ஆனால் கல்லறைச் சுவரை இடிக்கத் தில்லி ஆணை எதுவும் தேவையில்லை. பங்குப் பேரவையார் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு நாலு பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு இருக்கிறது. அதற்குள் சனிக்கிழமையே கடப்பாரையோடு வாருங்கள்.