அழைப்பாணையை மடித்து வைக்காதீர்கள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆண்டுக் கூட்டத்தில் தொழுகையைப் பற்றியும், ஜகாத்தைப் பற்றியும், பிள்ளைகளின் மதரஸாக் கல்வியைப் பற்றியும் நாம் பேசுவது வழக்கம். இவ்வாண்டு நீதிமன்றப் பிடியாணையைப் பற்றிப் பேச நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டோம். பிடிவாரண்டுக்கும் பள்ளிவாசலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அதில் நம்முடைய தவறு ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மஃக்ரிபு தொழுகைக்குப் பின் சகோதரி ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் காத்திருந்தார். கணவர் வளைகுடாவில் இருந்தார். கையில் ஒரு காகிதம். “கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது ஹஜ்ரத், என்னவென்று பாருங்கள்” என்றார். மேலோட்டமாகப் பார்த்தோம். “பத்திரமாக வையுங்கள், அவர் ஊர் வந்ததும் காட்டுங்கள், துஆச் செய்கிறோம்” என்று கூறி, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். துஆச் செய்தோம் என்பது உண்மை. அதில் குறிப்பிட்டிருந்த தேதியைப் படிக்கவில்லை என்பதும் உண்மை.

அது காசோலை வழக்கொன்றின் அழைப்பாணை. கூட்டு வியாபாரத்தில் அவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியிருந்தது. பங்காளி கடனைத் தீர்த்திருப்பார் என்று நம்பி அவர் கடல் கடந்துவிட்டார். வழக்கு அழைக்கப்பட்ட நாள்களில் யாரும் ஆஜராகவில்லை. பிடியாணை பிறந்தது. மகளின் நிகாஹுக்காக அவர் ஊர் வந்த வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை, காவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் சனி, அதற்கு மறுநாள் நிகாஹ். திங்களன்று வழக்கறிஞர் மனுச் செய்து, பிடியாணை நீங்கி, அவர் ஜாமீனில் வீடு திரும்பினார். ஆனால் ஞாயிறன்று தந்தை வலீயாக அமர வேண்டிய இடத்தில், காவல் நிலையத்திலிருந்து அவர் பொறுப்பளித்து அனுப்பிய அவருடைய அண்ணன் அமர்ந்திருந்தார். நிகாஹை நடத்தி வைத்தவர் நாம். பதிவேட்டில் அந்தக் கையொப்பத்தைப் பார்த்தபோது, நாம் மடித்துக் கொடுத்த காகிதமே நினைவுக்கு வந்தது.

ஜமாஅத்தார்களே! அந்த நாளுக்குப் பின் வழக்கறிஞர்களிடம் கேட்டும், சட்டங்களைப் படிக்கச் செய்தும் அறிந்துகொண்டவற்றை இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

பிடியாணை திடீரென்று வானிலிருந்து விழுவதில்லை. முதலில் சம்மன் எனும் அழைப்பாணை வரும். வராவிட்டால் ஜாமீனில் விடத்தக்க பிடியாணை. அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை. இந்தப் படிமுறையைப் பேணும்படி 2007ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு வலியுறுத்தியது. ஜாமீன் பெற்றுவிட்டுப் பின்னர் வாய்தாவுக்குச் செல்லாதவர் மீதும், சாட்சி சொல்ல அழைத்தும் வராதவர் மீதும்கூடப் பிடியாணை பிறக்கலாம். ஆகவே பிடியாணை உள்ளவரெல்லாம் குற்றவாளி என்று எவரும் பேச வேண்டாம்.

நம்மிடையே பரவலாக உள்ள தவறான எண்ணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தால் பிடியாணை தானே காலாவதியாகிவிடும் என்பது அது. அவ்வாறில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும், அதற்கு முன்னிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70ஆவது பிரிவும் ஒன்றையே கூறுகின்றன. பிறப்பித்த நீதிமன்றம் ரத்துச் செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை, பிடியாணை உயிரோடு இருக்கும்.

காலம் செல்லச் செல்ல அது வளரவும் செய்யும். ஒருவர் தலைமறைவாகிவிட்டார் என்று நீதிமன்றம் கருதினால், 30 நாள்களுக்குக் குறையாத தவணை கொடுத்துப் பகிரங்க அறிவிப்பு வெளியிடலாம். சொத்தை முடக்கவும் உத்தரவிடலாம். அந்த அறிவிப்புக்கும் வராமலிருப்பது தனிக் குற்றம். அதற்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டில் பிழைக்கும் நம் மக்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி, பிடியாணை நிலுவையிலுள்ளவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், கையில் இருப்பதும் முடக்கப்படலாம். சமரசமாகத் தீர்த்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகின்ற ஒரு காசோலை வழக்கு, இவ்வாறு ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டையே தொட்டுவிடுகிறது.

பிடியாணை இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது? மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களை இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் அதன் கைப்பேசிச் செயலியிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் நேரடியாகவே வழக்கு வந்துவிடும். அதில் வழக்கு எந்த நிலையில் உள்ளது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது என்பவை இருக்கும். என்.பி.டபிள்யூ. என்ற எழுத்துகள் தென்பட்டால் அது ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறார்கள். முஹம்மது என்ற ஒரு பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்! ஒரு விதத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எல்லா விதங்களிலும் தேடுங்கள். தந்தை பெயரைச் சேர்த்தும் தேடுங்கள். பழைய வழக்குகள் இணையத்தில் இல்லாமலும் போகலாம். வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரிப்பதே உறுதியான வழி.

பிடியாணை இருப்பது தெரிந்தால், அதைப் பிறப்பித்த அதே நீதிமன்றத்திற்கு வழக்கறிஞருடன் நேரில் செல்லுங்கள். பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரும் மனுவை, வராமற்போன காரணத்தைக் கூறும் உறுதிமொழிப் பத்திரத்தோடு தாக்கல் செய்வார்கள். மருத்துவச் சான்று, பாஸ்போர்ட்டில் உள்ள பயண முத்திரை போன்ற ஆதாரங்களை எடுத்துச் செல்லுங்கள். பொய்க் காரணம் வேண்டாம். அது இம்மையிலும் நிற்காது, மறுமையிலும் நிற்காது. ஜாமீன்தாரர்களையும் அவர்களுக்குரிய ஆவணங்களோடு அழைத்துச் செல்லுங்கள். நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம், புதிய ஜாமீன் கேட்கலாம். கடுமையான வழக்காயின் காவலில் வைக்கவும் கூடும் என்பதை மறைக்க மாட்டோம். எனினும் தாமாகவே வந்து நிற்பவரையும் தேடிப் பிடிக்கப்பட்டவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வாரத் தொடக்கத்தில், காலையிலேயே செல்லுங்கள். ஏதேனும் குறைந்தால் மறுநாளும் நீதிமன்றம் இருக்கும்.

ரத்தானதோடு வேலை முடிந்துவிடவில்லை. 2002ஆம் ஆண்டில் மும்பையில் ஒருவர் மீதிருந்த பிடியாணை ரத்தான பின்னரும், அவர் சுதந்திர தினத்தன்று கைது செய்யப்பட்டார். அவ்வளவுக்கும் அவர் ஒரு வழக்கறிஞர்! அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பிடியாணைகளுக்கும் அவற்றின் ரத்துக்கும் ஒழுங்கான பதிவு இருக்க வேண்டுமென்று 2011இல் நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆகவே ரத்து உத்தரவின் நகலைப் பெற்றுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது காவல் நிலையத்தைச் சென்றடைந்ததா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

“பணம் கொடுங்கள், வாரண்டை இல்லாமலாக்கி விடுகிறேன்” என்று கூறுபவர்களை நம்பாதீர்கள். நீதிமன்றத்தைத் தவிர எவராலும் அதை ரத்துச் செய்ய இயலாது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் அண்ணலார் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை நாம் நினைவூட்டத் தேவையில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்பவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும், காவலில் உள்ளோருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு.

அன்பானவர்களே! உமர் (ரலி) அவர்களுக்கும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் ஒரு வழக்கு ஏற்பட்டபோது, ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நடுவராக ஏற்றார்கள். கலீஃபா ஆணையிட்டு நடுவரைத் தம்மிடம் வரவழைக்கவில்லை. தாமே அவருடைய இல்லத்திற்குச் சென்றார்கள். தமக்கு மட்டும் தனி இருக்கை தரப்பட்டபோது அதை மறுத்து, எதிர்வழக்காடியின் அருகிலேயே அமர்ந்தார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமோ கடனைப் பற்றியது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அவ்வசனம், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது என்றும் பணிக்கிறது. அழைப்புக்குப் பதிலளிப்பது நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கமே.

இதையும் சேர்த்தே சொல்கிறோம். பிடியாணையை நீக்கிக்கொள்வது, கடனை நீக்கிக்கொள்வதாகாது. மனைவி மக்களின் ஜீவனாம்சத்தைக் கொடாமல் இருந்து பிடியாணைக்கு ஆளானவருக்கு நாம் காட்டும் வழி, முதலில் அவர்களுக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீதிமன்றத்திலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ எந்தக் காகிதம் வந்தாலும் அன்றே நம்மிடம் கொண்டு வாருங்கள். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின், நம் ஜமாஅத்தின் வழக்கறிஞர் ஒருவரும் பட்டதாரி இளைஞர் ஒருவரும் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்க நிர்வாகிகள் இசைந்துள்ளார்கள். அங்கே சொல்லப்படுவது அமானிதம், வெளியே செல்லாது. நாமும் உடனிருப்போம். தேதியைப் படிப்போம், பிறகு துஆச் செய்வோம்.

அந்தச் சகோதரியும் அவர் கணவரும் நம்மை மன்னித்துவிட்டார்கள். இவ்வூரில் இன்னொரு மகளின் நிகாஹ் அவ்வாறு நடவாதிருக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.