ஆயில் எஞ்சினின் ஓசையும் அதன் காரணங்களும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மின்சார மோட்டார்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், இணைப்புக்குக் காத்திருப்போருக்கும் ஆற்றோரத்தில் நீர் இறைப்போருக்கும் ஆயில் எஞ்சினே துணை. சங்கத்தில் கடன் பெற்று எஞ்சின் வாங்கியவர் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினின் உடல் பிளந்துபோனால், இரும்பு பழைய சாமானாகிவிடும். கடனோ தவணை தவறாமல் நிற்கும். மணிலா விழுது இறங்கும் சமயத்தில் தண்ணீர் நின்றால் மகசூலும் போகும். இத்தகைய முறிவு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. முன்கூட்டியே ஓசையால் அறிவிக்கிறது. அவ்வோசையை இனங்காணும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-ஆம் வருஷத்தில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இவ்வியந்திரத்தில் நெருப்புப் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கிச் சூடேற்ற, அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றுகிறது. ஆகையால் ஒரே சீரான அடி இதற்கு இயல்பு. நிமிஷத்திற்கு 650 சுற்றுச் சுற்றும் பழைய லிஸ்டர் மாதிரி எஞ்சினில் 325 அடிகள் விழும். அவ்வடியின் நடுவே வேறொரு தட்டல் கேட்டால் கவனிக்க வேண்டும். மரப்பிடியுள்ள நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினின் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினால், ஓசை பிறக்குமிடம் ஒருவாறு புலப்படும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாத்திரம் இக்காரியத்தைச் செய்யாதீர்கள். சக்கரம் துண்டை இழுத்தால் ஆளையும் இழுக்கும்.

கருங்கல்லில் சுத்தியல் பட்டாற்போல் கூர்மையாகக் கேட்டு, கரும்புகையும் சேர்ந்து வந்தால், இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்றோ, எண்ணெய் முந்தித் தெளிக்கிறது என்றோ சந்தேகிக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இது அதிகம். தெளிப்பைச் சோதிக்கையில் கையை எதிரே நீட்டாதீர்கள். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் ஊசி குத்தினாற்போல் சிறிதாய்த் தோன்றினும், தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மந்தமாகவும் கனமாகவும் கேட்டு, பளு ஏற ஏற ஓங்கி, எஞ்சின் சூடாகி ஆயில் இளகியபின் மிகுமாயின், அது கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததன் அறிகுறி. எண்ணெயை நிறுத்தியவுடன் தட்டல் அடங்கினால் குற்றம் இன்ஜெக்டரிலேதான் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். இது அவசரம். பளு நீங்கியதும் தேய்ந்த பேரிங்கும் அடங்குவதுண்டு. நிச்சயமாய் அறிய, எஞ்சினை நிறுத்தி, எண்ணெயை அடைத்து, டிகம்ப்ரஷன் பிடியைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் சிறிதே அசையுங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது “தொக்” என்று ஆட்டம் தெரிந்தால், பக்கத்து மூடியைத் திறந்து ராடைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். வடித்த ஆயிலில் பளபளக்கும் உலோகத்தூள் இருந்தால் வேறு சாட்சி வேண்டுவதில்லை. பேரிங் மாற்றும்வரை அந்த எஞ்சினை ஒரு மணி நேரமும் ஓட்டலாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விக்கிரவாண்டிப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் இதே ஓசையைக் கேட்டு எஞ்சின் முழுவதையும் பிரித்துப்போட்டார். பேரிங்கில் பழுதில்லை. பிளைவீலை இறுக்கும் சாவி தளர்ந்திருந்தது; அச்சைச் சுற்றிச் செந்துருத் தூள் படிந்திருந்ததை ஒருவரும் நோக்கவில்லை. முதலில் அதைப் பார்த்திருந்தால் செலவு மிஞ்சியிருக்கும். தளர்ந்த சக்கரம் கழன்றால் உயிருக்கே அபாயமாதலால், இதையும் நாளை என்று தள்ள இடமில்லை.

“டிக் டிக்” என்னும் மெல்லிய ஓசை டாப்பெட் இடைவெளியைப் பற்றியது, சரிசெய்தால் தீரும். கோடையில் கிணற்று நீர் தாழ்ந்தபின் கூழாங்கல் உருள்வதுபோல் கேட்பது எஞ்சினின் குற்றமன்று, பம்பு நீரை உறிஞ்சத் திணறும் ஓசை. பம்பு நீர்மட்டத்திற்கு மேல் ஏழு மீட்டருக்குள் இருத்தல் வேண்டும். அதற்காக எஞ்சினையே கிணற்றினுள் இறக்குவோர் உண்டு. புகை அடியில் தங்கி, இறங்கியவரை மயக்கிக் கொல்லும், செய்யாதீர்கள்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்ததும் தென்பெண்ணை பெருகியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாறு மூழ்கிய எஞ்சினை வெயிலில் உலர்த்தி உடனே கிளப்புவது பெருந்தவறு. காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க இயலாது. சிலிண்டரில் நீர் நிற்கையில் கிளப்பினால் ராடு வளையும். வளைந்தது உடனே தெரியாமற்போய்ப் பின்னர்த் தட்டத் தொடங்குவதும் உண்டு. இன்ஜெக்டரைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். டீசல் தொட்டியையும் கழுவ வேண்டும்.

கட்டிடத்தின் பின்புறம் ஒரு எஞ்சின் நிறுத்தியிருக்கிறது. அதன் டாப்பெட்டை வேண்டுமென்றே சிறிது தளர்த்தி வைத்திருக்கிறேன். துண்டுகளை இங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், ஓட்டிக் கேட்போம்.