இயற்பியல் ஆராய்ச்சியும் நமது கடமையும்
(ஜமாஅத் கல்வி நாள் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

உதவித்தொகை விண்ணப்பங்களுக்காகக் கல்விக் குழுவினராகிய நாங்கள் வீடு வீடாகச் செல்லும்போது ஒரு வினாவை அடிக்கடி எதிர்கொள்கிறோம். "பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தாயிற்று, இன்னும் எத்தனை காலம்தான் படிப்பது?" இவ்வாறு கேட்பவர் கல்வியின் பகைவர் அல்லர்; வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தந்தையார். மகன் பனியன் கம்பெனிக்குச் சென்றால் சனிக்கிழமையே வீட்டுக்குப் பணம் வரும். ஆராய்ச்சியோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறது. அவரது வினாவுக்கு நேர்மையான விடை கூறுவது நமது கடமையாகும்.

எம்.எஸ்ஸி. வரை, பிறர் கண்டறிந்தவற்றைக் கற்கிறோம். பிஎச்.டி. ஆய்விலோ, இதுவரை எவரும் அறியாத ஒன்றைக் கண்டு நிறுவ வேண்டும். அதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் என்பதை நமது மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு விளக்கும்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதளவே. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அன்று தெளிவாகவில்லை. அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரி பெற்று, அதனூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்தனர். படத்தில் விழும் புள்ளிகளைக் கொண்டு உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையைக் கணித்தனர். 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டனர்: அது மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு. அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டவை என 1955-இல் அதனைத் திருத்தினர். நூல் முறுக்குவதைக் கண்டு வளர்ந்த நமது ஊராருக்கு இது எளிதில் விளங்கும்.

பணி அத்துடன் முடியவில்லை. அணுக்கள் அவ்வளவு நெருங்கி இருக்க இயலாதென வெளிநாட்டு அறிஞர்கள் குறை கூறினர். அவ்வாறாயின் எவ்வளவுதான் நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார் இராமச்சந்திரன். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட முடிவு, 'இராமச்சந்திரன் வரைபடம்' என இன்று உலகெங்கும் பயிலப்படுகிறது. புதிதாகக் கணிக்கப்படும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் அது பயன்படுகிறது. 1952 முதல் 1963 வரை பதினோர் ஆண்டுகள்! குறை கூறப்பட்டவுடன் பணியைக் கைவிட்டிருந்தால் இந்த வரைபடம் கிடைத்திருக்குமா?

இன்று நமது பிள்ளைகள் சென்னைக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. 1982-இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகம் அண்டையிலுள்ள கோவையிலேயே இருக்கிறது. அங்கு இயற்பியல் துறையும் உண்டு. யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. இடையிலிருந்த எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறுவோருக்கான மாதத் தொகை, 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே ஆராய்ச்சி மாணவர் என்றென்றும் வீட்டுக்குச் சுமையாக இருப்பார் என்னும் அச்சம் வேண்டியதில்லை.

எனினும் அத்தேர்வில் அனைவரும் முதல் முறையே தேறுவதில்லை. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்குத் துணை நின்ற மௌலானா ஆசாத் உதவித்தொகைத் திட்டமும் 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. எம்.எஸ்ஸி. முடித்த நமது மஹல்லா மாணவி ஒருவர், அடுத்த தேர்வுவரை காத்திருக்க வீட்டில் வழியின்றிக் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றுவிட்டார். அவர் எங்களிடம் வந்தபோது, நமது உதவித்தொகை விதி இளநிலைப் பட்டத்துடன் முடிகிறது என்று கூறித் திருப்பி அனுப்பினோம். அறிவில் குறைவின்றியும் அவரது படிப்பு நின்றது. அதில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே பொதுக்குழுவிடம் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, உதவித்தொகை விதியை முதுநிலை வரை நீட்டியருள வேண்டும். இரண்டாவது, எம்.எஸ்ஸி. முடித்துத் தேர்வுக்காகவோ முதல் தவணை உதவித்தொகைக்காகவோ காத்திருப்போருக்கு ஓராண்டுக்கு அழகிய கடன் வழங்க வேண்டும். அவர்கள் உதவித்தொகை பெறத் தொடங்கியபின் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்தட்டும். அத்தொகை அடுத்தவருக்குப் பயன்படட்டும்.

தாய்மார்களே, தந்தையர்களே! "இன்னும் எத்தனை காலம்?" என்று உங்கள் பிள்ளையிடம் இனிக் கேட்க வேண்டாம், எங்களிடம் வந்து கேளுங்கள். அந்தக் காத்திருப்பை ஜமாஅத் உங்களுடன் சேர்ந்து சுமக்கட்டும். அல்லாஹ் நமது முயற்சிகளை ஏற்றருள்வானாக! வஸ்ஸலாம்.