அம்மு சுவாமிநாதன்: ஒரு வீட்டின் தாய், ஒரு நாட்டின் உறுப்பினர்



கேப்டன் லட்சுமியின் பெயர் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். மிருணாளினி சாராபாய் என்றதும் பரதமும் கதகளியும் கண்முன் வந்து நிற்கும். இவர்களைப் பெற்று வளர்த்த அம்மு சுவாமிநாதனைப் பற்றி நம் மேடைகள் பேசியது குறைவு. 84 ஆண்டு வாழ்ந்த அந்தப் பெருமாட்டிக்கு உரியது இந்த மாலை.

1894 ஏப்ரலில், ஆனக்கரை வடக்கத்து என்னும் நாயர் தறவாட்டில், அதாவது கூட்டுக் குடும்பத்தில், கடைக்குட்டியாகப் பிறந்தார் அம்மு. தந்தை கோவிந்த மேனன் சீக்கிரமே காலமாகிவிட, பெரிய குடும்பத்தின் பாரம் தாயின் தோளில் விழுந்தது. அண்ணன்மார் படிக்க வெளியூர் போனார்கள். அம்முவுக்கு வீட்டிலேயே கொஞ்சம் மலையாளம். மீதி நேரம் அடுக்களை.

1908-இல் அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார் சுப்பராம சுவாமிநாதன். உதவித்தொகையால் வெளிநாடு போய்ப் படித்து வந்த சென்னை வழக்கறிஞர். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர். சிறுவயதில் தமக்குக் கைகொடுத்த மேனனின் குடும்பத்திலேயே பெண்ணெடுக்க நினைத்தவர். வயதிலோ இருபது ஆண்டுக்கும் மேல் மூத்தவர்.

அவரிடம் அந்தச் சிறுமி நிபந்தனை போட்டாள் என்று குடும்பத்தார் சொல்வார்கள். சென்னையில்தான் குடியிருக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை அமர்த்த வேண்டும். வெளியே போனால், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அண்ணன்மாரை யாரும் அப்படிக் கேட்பதில்லையே! சுவாமிநாதன் சம்மதித்தார். நாயர் பெண்ணோடு முறையான திருமணம் ஆகாத 'சம்பந்தம்' வைத்துக்கொள்வது பிராமண ஆண்களின் வழக்கமாக இருந்த நாளில், முறைப்படி மனைவியாக்கிச் சென்னைக்கு அழைத்து வந்தார்.

பிறகு அம்முவின் நடையை யார் நிறுத்த முடியும்? 1917-இல் சென்னையில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் ஆகியோருடன் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். குழந்தை மணத்தை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். காந்தியடிகளின் இயக்கத்தில் இறங்கினார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 48.

1946-இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார். அந்தச் சபையில் இருந்த பெண்கள் 15 பேர். 1949 நவம்பர் 24 அன்று அவர் ஆற்றிய உரை இன்றும் படிக்கத்தக்கது. பெண்ணுக்குச் சம உரிமையை அரசியலமைப்புச் சட்டமே எழுதித் தந்துவிட்டதை எண்ணி மகிழ்ந்தார். அதே மூச்சில், இவ்வளவு பெரிய புத்தகமா, கைப்பையில் அடங்கும் சிறு நூலாக அல்லவா எதிர்பார்த்தேன் என்ற கருத்தையும் தயங்காமல் சொன்னார். 1952-இல் நாட்டின் முதல் மக்களவைக்குத் திண்டுக்கல் மக்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

வீட்டையும் பாருங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் தாலி கட்டிக்கொண்ட அந்தத் தாய், தம் பெண்களுக்கு அந்த வயதில் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-இல் டாக்டரானார். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பாடுபட்ட தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பலர் அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். மிருணாளினி நடனத்தையே வாழ்வாக்கிக்கொண்டு, 1949-இல் அகமதாபாத்தில் 'தர்ப்பணா' நடனப் பள்ளியை நிறுவினார். மகன் கோவிந்த் சட்டத்துறையில் உயர்ந்து, தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் ஆனார். பேத்தி சுபாஷிணி அலி 1989-இல் கான்பூரிலிருந்து மக்களவைக்குப் போனார். இன்னொரு பேத்தி மல்லிகா சாராபாய் நடன மேடையில் நிலைபெற்றார்.

ஆளுக்கொரு பாதை. ஒருவர் பாதையை மற்றவர்மேல் திணிக்காத வீடு அது. காங்கிரஸ்காரரான தாய்க்குப் பிறந்த லட்சுமி, பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். தமக்குக் கேட்டு வாங்கிய சுதந்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கேளாமலே கொடுத்தார் அம்மு.

1975, அனைத்துலக மகளிர் ஆண்டில், 'ஆண்டின் சிறந்த தாய்' என்ற சிறப்பு அவரைத் தேடி வந்தது. 1978 ஜூலையில் அவர் மறைந்தார்.

இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். திண்டுக்கல் பள்ளிகளில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் முதல் மக்களவை உறுப்பினர் ஒரு பெண் என்பதை ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். 1949-இல் அவர் பேசிய அந்த உரையைத் தமிழாக்கி, வரும் குடியரசு நாளில் ஒரு மாணவியைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள்.