தொப்பூர் இறக்கம்: பயமுறுத்தாத ரோடுதான் ஆபத்து

இந்த எபிசோடு ரோட்டு வளைவுகளைப் பத்தி. வளைவும் இறக்கமும் ஒரே இடத்துல சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறதைப் பத்தி. பெங்களூர்ல வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம், நாமக்கல், மதுரைன்னு ஊருக்குக் கிளம்புற ஆட்கள் நம்ம கேட்கிறவங்கள்ல நிறைய. தர்மபுரி தாண்டினதும் தொப்பூர் கணவாய் வரும். பஸ்ல இருந்தா தூங்கிட்டிருப்பீங்க. கார் ஓட்டிட்டு இருந்தா, "ரோடு நல்லா இருக்கே"ன்னு நினைச்சிருப்பீங்க. அந்த நினைப்புதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

நான் படிச்சது சிவில், பார்க்கிறது சாஃப்ட்வேர். இந்தக் கதையைத் தமிழ்நாட்டுல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹைவே இன்ஜினியரிங் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணின ஃபார்முலா மட்டும் இன்னும் மறக்கலை. அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒரு வண்டி வளைவுல திரும்பணும்னா, அதை உள்பக்கமா இழுக்க ஒரு விசை வேணும். ரோடு அதை ரெண்டு வழியில கொடுக்குது. ஒண்ணு, டயருக்கும் தாருக்கும் நடுவுல இருக்கிற உராய்வு. இன்னொண்ணு, ரோட்டோட வெளி விளிம்பைத் தூக்கி வச்சு, ரோட்டையே உள்பக்கமா சாய்ச்சு விடுறது. இதைத்தான் சூப்பர் எலிவேஷன்னு சொல்வோம். இந்த ரெண்டும் சேர்ந்தது எவ்வளவு இருக்கணும்னா: வேகத்தோட வர்க்கத்தை, வளைவோட ஆரத்தாலயும் 127-ஆலயும் வகுத்தா வர்ற அளவு. வேகம் மணிக்குக் கிலோமீட்டர்ல, ஆரம் மீட்டர்ல.

நம்ம நாட்டுல இதுக்கு அளவு சொல்றது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். சமவெளியில சாய்வு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உராய்வை 0.15-க்கு மேல நம்பக் கூடாது. சாய்வை ஏன் இன்னும் கூட்டலைன்னு கேட்கலாம். நம்ம ரோட்டுல கார் மட்டுமா போகுது? வைக்கோல் போரை வானம் வரைக்கும் ஏத்தின லாரியும் அதே வளைவுல ஊர்ந்து போகும். சாய்வு அதிகமா இருந்தா அது உள்பக்கமா சாஞ்சிடும். வேகமா போறவனுக்கும் மெதுவா போறவனுக்கும் நடுவுல பண்ணிக்கிட்ட சமாதானம்தான் அந்த 7.

100 கிலோமீட்டர் வேகத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டா, ஆரம் குறைஞ்சது 360 மீட்டர் வேணும்னு வரும். இப்போ அதே வளைவுல ஒருத்தர் 120-ல வர்றார். வேகம் கூடினது 20 சதவீதம்தான். ஆனா டயர் உராய்வால தாங்க வேண்டியது 0.15-லிருந்து கிட்டத்தட்ட 0.25-க்குப் போயிடுது. அறுபது சதவீதத்துக்கு மேல ஏற்றம். வர்க்கம்ங்கிற சின்ன எண் பண்ற வேலை இது. நல்ல டயர் போட்ட கார் இதைத் தாங்கும். உயரமா லோடு ஏத்தின லாரி வழுக்குறதுக்கு முன்னாடியே கவிழ்ந்துடும்.

நேர் ரோட்டுல இருந்து ஒரே அடியா வட்டத்துக்குள்ள நுழையவும் முடியாது. ஸ்டீயரிங்கை ஒரு நொடியில சட்டுனு திருப்ப நம்ம கை என்ன ரோபோவா? அதனால நடுவுல கொஞ்சம் கொஞ்சமா இறுகுற ஒரு சுருள் வளைவைப் போடுவாங்க. ரோட்டோட சாய்வும் அந்த நீளத்துலதான் தவணை முறையில ஏறும். நல்ல ஹைவேல வளைவு வந்ததே தெரியாம திரும்பி முடிச்சிருப்பீங்க. டிசைன் பண்ணினவருக்கு அதுக்கு மேல பாராட்டு கிடையாது.

சரி, இறக்கத்துக்கு வருவோம்.

சமவெளியில வழக்கமான சரிவு 3.3 சதவீதம், அதாவது 30 மீட்டர் போனா 1 மீட்டர். மலைப்பகுதியில 5 வரைக்கும் போகலாம், வேற வழியே இல்லைன்னா கொஞ்ச தூரத்துக்கு 7. கேட்க ரொம்பச் சின்ன எண்கள். கண்ணுக்கும் அப்படித்தான். ஒரு செங்குத்தான இறக்கம் முடிஞ்சு, கொஞ்சம் குறைவான இறக்கம் வந்தா, அது சமதளம் மாதிரியே தெரியும். சில நேரம் மேடுன்னுகூட தோணும்.

ஆனா லாரிக்கு அது சின்ன எண் இல்லை. 40 டன் லாரி ஒண்ணு, 4 சதவீத சரிவுல 3 கிலோமீட்டர் இறங்குதுன்னு வச்சுக்குவோம். மொத்தம் 120 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட 40 மாடி. அந்த உயரத்துல இருந்த ஆற்றல் எல்லாம் எங்கேயாவது போயாகணும். வண்டி 60-ல இறங்கினா மூணு நிமிஷத்துல கீழே வந்துடும். காத்துலயும் டயர்லயும் போறது போக, மிச்சம் 200 கிலோவாட்டுக்குக் கிட்ட வரும். நம்ம வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு முழு சூட்டுல 2 கிலோவாட். அப்போ 100 அடுப்பு, மூணு நிமிஷம். எல்லாத்தையும் பிரேக் தலையில கட்டினா என்ன ஆகும்? டிரம் சூடாகி விரியும், பிரேக் ஷூவை விட்டு விலகும். லைனிங் பிடிமானத்தை இழக்கும். டிரைவர் பெடலை மிதிச்சுக்கிட்டேதான் இருப்பார், வண்டி நிக்காது.

30-ல இறங்கினாலும் மொத்தச் சூடு கொஞ்சமும் குறையாது. ஆனா இறங்க ஆறு நிமிஷம் கிடைக்குது. கீழ் கியர்ல போட்டிருந்தா இன்ஜினே பாதிச் சுமையைப் பிடிச்சுக்கும். "கனரக வாகனங்கள் கீழ் கியரில் செல்லவும்"னு போர்டு வைக்கிறதுக்குப் பின்னாடி இருக்கிற இயற்பியல் இதுதான்.

அப்புறம் ஏன் நியூட்ரல்ல வர்றாங்க? டீசல் மிச்சமாகும்னு ஒரு நம்பிக்கை. பழைய இன்ஜின்ல அதுல கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இப்போ வர்ற எலக்ட்ரானிக் இன்ஜின்ல கியர்ல இருந்துக்கிட்டு ஆக்சிலரேட்டரை விட்டாலே டீசல் வரத்து நின்னுடும், சக்கரமே இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாதான் இன்ஜின் அணையாம இருக்க டீசல் எரியும். உயிரையும் பணயம் வச்சு, டீசலும் மிச்சமில்லை.

2020 டிசம்பர்ல தொப்பூர்ல வரிசையில நின்ன வாகனங்கள் மேல ஒரு லாரி மோதி நாலு பேர் இறந்தாங்க. 2024 ஜனவரியில மறுபடியும் அதே கணவாய், மறுபடியும் நாலு பேர். கட்டுப்பாட்டை இழந்த லாரிக்கும் முன்னாடி போன லாரிக்கும் நடுவுல கார்கள் சிக்கின. பாலத்துல இருந்து ஒரு லாரி கீழே விழுந்தது. அந்த வீடியோ உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

இப்படி எது நடந்தாலும் ஒரு வரியில முடிச்சிடுவாங்க: டிரைவரின் அலட்சியம். இதுல எனக்கு முழுசா உடன்பாடு இல்லை. ஒரு பக்கம் நியூட்ரல், அதிக லோடு, தூக்கமில்லாத ஓட்டம் எல்லாம் நிஜம்தான். ஆனா ஒரே இடத்துல, வேற வேற டிரைவர்கள், வேற வேற வருஷம் அதே தப்பைப் பண்ணினா? ஒரே ஸ்க்ரீன்ல எல்லா யூசரும் தப்பான பட்டனையே அழுத்துறாங்கன்னா, எங்க ஆபீஸ்ல அதை யூசர் தப்புன்னு டிக்கெட்டை மூட விடமாட்டாங்க.

கொல்லிமலைக்குப் போயிருக்கீங்களா? 70 கொண்டை ஊசி வளைவு. இந்த மாதிரி வளைவுக்கு ரோட்ஸ் காங்கிரஸ் எடுத்துக்கிற வேகமே வெறும் 20 கிலோமீட்டர். உள் ஆரம் குறைஞ்சது 14 மீட்டர் இருக்கணும், வளைவுக்குள்ள சரிவு 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. அதாவது திரும்புற இடத்துல ஏற்றத்தைத் தளர்த்திக் கொடுக்கணும். ஆனா அந்த ரோட்டைப் பார்த்தாலே கால் தானா பிரேக்குக்குப் போயிடும். எவ்வளவு வேகத்துல போகணும்னு ரோடே சொல்லிடுது.

தொப்பூர் அப்படிச் சொல்லலை. அகலமான நாலு வழி, நடுவுல தடுப்பு, நல்ல தார். கண்ணுக்கு 80-னு சொல்லுது, ஓரத்துல இருக்கிற போர்டு 30-னு சொல்லுது, கீழே இறக்கத்தோட முடிவுல வளைவு காத்திருக்கு. ரோடும் போர்டும் வேற வேற பேசினா, மனுஷன் ரோட்டைத்தான் நம்புவான். டிசைன் பாடத்துல இதைச் சீர்மைன்னு சொல்வாங்க. ஒரு பகுதியில எதிர்பார்க்க வச்ச வேகத்தை அடுத்த பகுதியில திடீர்னு உடைக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தோட அடியில இறுக்கமான வளைவு வைக்காதேங்கிறது அதுல முதல் பாடம். ஏன்னா பிரேக் பிடிக்கவும் திரும்பவும் டயர்கிட்ட இருக்கிறது ஒரே கணக்குல உள்ள பிடிமானம். பிரேக்குக்கு எடுத்துட்டா திருப்பத்துக்குக் குறையும்.

உலகத்துல பல மலைச்சாலைகள்ல பிரேக் போன லாரிக்குன்னே ஒரு கிளைப்பாதை இருக்கும். ஜல்லி கொட்டின, மேல் நோக்கி ஏறுற பாதை. சக்கரம் ஜல்லியில புதைஞ்சு வண்டி தானா நிக்கும். டிரைவர் தப்புப் பண்ணுவார்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு கட்டுற ரோடு அது. எனக்கு அந்த மனநிலை ரொம்பப் பிடிக்கும்.

தொப்பூர்ல உயர்மட்டச் சாலை கட்டத் திட்டம் போட்டிருக்காங்க. சரிவைத் தளர்த்தி, வளைவை நேராக்கலாம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இருக்கிற உயர வித்தியாசம் அப்படியேதான் இருக்கும், அதை இறங்குற தூரம்தான் நீளும்.

அது வர்ற வரைக்கும் கார்ல போறவங்களுக்கு ரெண்டு விஷயம். இறக்கத்துல லோடு லாரிக்கு முன்னாடி புகுந்து பிரேக் அடிக்காதீங்க. ரெண்டு லாரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா, பின்னாடி வர்ற லாரியைக் கண்ணாடியில பாருங்க, அதோட பிரேக்கை நம்பி நிக்காதீங்க. சேலத்துல இறங்குறவங்க டீ குடிச்சிட்டுப் போங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.